சைட்காரில் உட்கார்ந்து ஊசி பார்த்தவர்

நம் வீட்டுக் கூடத்தில் தொங்குகிற படத்தைப் பார்த்து நீங்கள் மூன்று பேரும் சிரிக்காத வருஷம் கிடையாது. படத்தில் உங்கள் அம்மா தகரப் பெட்டியின் மேல் ஒரு கையை ஊன்றி நிற்கிறாள். பெரியவளுக்கு அப்போது மூன்றரை வயது. அம்மாவின் சேலைக்குள் பாதி முகத்தை ஒளித்திருக்கிறாள். பக்கத்தில் நான். என் உடம்பைச் சுற்றி ஒரு வெள்ளைத் துணி, அதில் முழங்கால் வரை சேறு. "அப்பா ஏன் பெட்ஷீட்டைப் போர்த்திக்கிட்டுக் கப்பலடிக்குப் போனீங்க?" என்று கேட்பீர்கள். நான் "மழை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவேன்.

மழை மட்டும் காரணமில்லை. காரணத்தைச் சொல்வதென்றால் படத்தின் வலது ஓரத்தில் ஒரு முழங்கை தெரிகிறதே, அதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். கண்ணாடி வளையல் இரண்டு, கொஞ்சம் சேறு, அவ்வளவுதான் தெரியும். படக்கடைக்காரரின் மனைவி அவர். ஆனாலும் அவருடைய படம் என்று நம்மிடம் இருப்பது அந்த முழங்கை மட்டும்தான். மீதியை நான் எழுத்தில்தான் வரைய வேண்டும். ஆறாவது வரை படித்தவன் நான். கோடு கோணலாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. தன் பெயரை நாலு பேர் முன்னால் யாரும் சொல்வது அவருக்குப் பிடிக்காது. நான் முதலில் "முதலாளியம்மா" என்றேன். "அம்மா கிம்மான்னு கூப்பிட்டு என்னைக் கிழவியாக்காதீங்க தம்பி. உங்களைவிட அஞ்சு வயசுதான் கூட," என்றார். அன்றிலிருந்து அக்கா.

சிங்கப்பூரில், சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவர்களுடைய கடை; நான் அங்கே வேலையாள். கடைக்கு வந்து படம் எடுத்துக்கொள்கிறவர்கள் குறைவு. ஜோகூர் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் இருந்தவர்களுக்கு அடையாளக் கார்டுக்குப் படம் தேவைப்பட்டது. அவர்களால் பால்மரத்தை விட்டுவிட்டு டவுனுக்கு வர முடியாது. அதனால் கடையே அவர்களைத் தேடிப் போகும். மோட்டார் சைக்கிளை முதலாளி ஓட்டுவார். பக்கத்தில் பூட்டிய சைட்காரில், கேமராப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அக்கா. பின் சீட்டில், படமெடுக்கும்போது ஆளுக்குப் பின்னால் கட்டுகிற வெள்ளைத் துணியைச் சுருட்டி அணைத்தபடி நான். இப்படி மாதத்தில் பாதி நாள் ரோட்டில் இருப்போம்.

அந்தக் காலத்து மோட்டார் சைக்கிளின் விளக்குத் தலையில், கைக்கடிகாரம் அளவுக்கு ஒரு வட்டம் இருக்கும். அம்மீட்டர் என்பார்கள். அதற்குள் ஒரே ஒரு ஊசி, இரண்டு பக்கமும் சின்னச் சின்னக் கோடுகள். இன்ஜின் சுற்றும்போது டைனமோ என்கிற உருளை மின்சாரம் உண்டாக்கி பேட்டரிக்குள் அனுப்பும். அப்படி உள்ளே போனால் ஊசி வலது பக்கம் சாயும். விளக்கு, ஹாரன் என்று பேட்டரியிலிருந்து வெளியே போனால் இடது பக்கம் சாயும். வரவும் செலவும் சமமாக இருந்தால் நடுவில் நிற்கும். எங்கள் வண்டி, பேட்டரி செத்தால் இன்ஜினும் செத்துப்போகிற வகை. அதனால் தூரப் பயணம் போகிறவன் அந்த ஊசியை அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதலாளியும் பார்த்தார். குலாய் தாண்டி ஒரு தடவை, குனிந்து ஊசியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது வண்டி ஒரு வாத்துக் கூட்டத்துக்குள் இருந்தது. வாத்துகள் தப்பித்துவிட்டன. நாங்கள் மூன்று பேரும் கால்வாயில் கிடந்தோம். அக்காதான் முதலில் எழுந்து, கேமராப் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"என்னங்க, ரோட்டையும் பார்த்து ஊசியையும் பார்க்க உங்களுக்கு நாலு கண்ணா இருக்கு?"

"பார்க்காம எப்படி? நடுவழியில நின்னுட்டா?"

"அதை இந்தப் பக்கம் மாத்திக் குடுங்க. நான் சும்மாதானே உட்கார்ந்து வர்றேன்."

அடுத்த வாரமே முதலாளி சைட்காரின் முன்பலகையில் ஓட்டை போட்டு, ஒயரை நீட்டி, ஊசியை அக்காவுக்கு நேராகப் பொருத்தினார். சாவி போடுகிற சுவிட்சும் அதே ஒயரோடு அங்கேயே வந்துவிட்டது. சந்தில் இருந்தவர்களுக்குக் கொண்டாட்டம். "ஓட்டுறது நீங்க, சாவி அந்தம்மா கையிலயா? வீட்லயும் அப்படித்தானா அண்ணே?" என்று பக்கத்து மளிகைக்கடை ராவுத்தர் கேட்பார். முதலாளி ஒயரை இழுத்து இறுக்கிக்கொண்டிருப்பார். அக்காதான், "வீட்ல சாவியே கிடையாது. திறந்துதான் கிடக்கு, வந்து பாருங்க," என்பார்.

அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பலகையில் சாக்குக்கட்டியால் நெடுக ஒரு கோடு போட்டுக்கொள்வார். ஒவ்வொரு மைல்கல் வரும்போதும் ஊசியைப் பார்த்து, கோட்டுக்கு வலதிலோ இடதிலோ கோட்டின் மேலேயோ ஒரு புள்ளி. வைத்துவிட்டு வாய்விட்டுச் சொல்வார்.

"வலது, ரெண்டு கோடு."

"ம்," என்பார் முதலாளி.

"வலது, ஒண்ணரை."

"ம்."

நாற்பது மைல் போனாலும் இதேதான். பயணம் முடிகிறபோது பலகையில் கோணல் கோலம் ஒன்று நிற்கும். அடுத்த பயணம் வரை அதை அழிக்க மாட்டார். எனக்கு ஆரம்பத்தில் எரிச்சலாக வரும். ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"எல்லாம் சரியாத்தானே இருக்கு அக்கா? எதுக்கு மைலுக்கு மைல் சொல்றீங்க?"

"சரியா இருக்குன்னு உங்களுக்கு யார் சொன்னா?"

"நீங்கதான்."

"அதான்."

புள்ளிகளை வைத்து அவர் வண்டியைப் படித்தார். புறப்பட்டவுடன் ஊசி நன்றாக வலது பக்கம் போய், பேட்டரி நிரம்ப நிரம்ப மெதுவாக நடுவுக்கு வர வேண்டும். ஒரு முறை, இடது வளைவுகளில் மட்டும் ஊசி துடிக்கிறது என்று கண்டுபிடித்தார். லவண்டர் ஸ்திரீட் பக்கத்தில் நாங்கள் வண்டியைப் பழுது பார்க்கக் கொடுக்கிற சீனர், இந்தம்மா சொல்வதையெல்லாம் கேட்டு வண்டியைப் பிரிக்க முடியாது என்று மலாயில் சிரித்தார். அக்கா தனக்குத் தெரிந்த பாதி மலாயில், வலது பக்கம் துடிக்கவில்லை, இடது பக்கம்தான், சீட்டுக்கு அடியில் பார் என்று விடாமல் நின்றார். சீட்டைத் தூக்கினால், ஒயர் ஒன்று தோல் உரிந்து இரும்பில் பட்டுக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் அந்தச் சீனர் முதலாளியிடம் எதுவும் கேட்பதில்லை. நேராக அக்காவிடம் வந்து, "நோன்யா, ஜாரும் அப்பா மாச்சாம்?" என்பார். அம்மா, ஊசி எப்படி இருக்கிறது என்று அர்த்தம்.

ரோட்டில் மட்டும் என்று நினைக்காதீர்கள். கண்ணில் பட்டதைச் சொல்லாமல் விடுவது அவருக்கு வராது. கல்யாணப் படம் எடுக்க வந்த மாப்பிள்ளையிடம், "மீசை ஒரு பக்கம் ஒசரமா இருக்கு," என்பார். அவர் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து வெட்டி, கடைசியில் மீசையே இல்லாமல் படம் எடுத்துக்கொண்டு போனார். கோயிலில் பூசை நடந்துகொண்டிருக்கும்போதே, "ஐயரே, மணியில விரிசல் விட்டிருக்கு, சத்தம் மாறுது," என்று சொல்லி நாலு பேரைத் திரும்பிப் பார்க்க வைத்தார். முதலாளி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். என்னிடமும் ஒரு நாள், வாடிக்கையாளர் இருக்கும்போதே, "தம்பி, நாலு நாளா நீங்க மத்தியானம் சாப்பிடல. கடுதாசி வரலையா?" என்றார். எனக்கு வெட்கமாகப் போயிற்று. ஆனால் அன்று சாயங்காலம் நன்றாகச் சாப்பிட்டேன்.

பிற்பாடு, அறுபதுகளின் கடைசியில், தோ பாயோவில் அரசாங்க அடுக்குமாடி வீடு கிடைத்தபோது அவர்கள் வண்டியை விற்றுவிட்டார்கள். ஊசியோடு அந்தப் பலகையை மட்டும் அக்கா கழற்றி வைத்துக்கொண்டார். நாங்கள் பார்க்கப் போனபோது அது அடுப்படிச் சுவரில் ஆணியில் தொங்கியது. ஒயர் ஒன்றும் கிடையாது. தேத்தண்ணி கலக்குகிற அவசரத்திலும் அதை ஒரு தரம் பார்த்து, "நடு," என்றார். உள்ளேயிருந்து முதலாளி, "ம்," என்றார்.

இனி அந்த வெள்ளைத் துணிக்கு வருகிறேன்.

நான் ஊரை விட்டு வந்தபோது பெரியவள் உங்கள் அம்மாவின் வயிற்றில் இருந்தாள். ஒரு வருஷத்தில் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று சொல்லி வந்தவன், நாலு வருஷம் இழுத்துவிட்டேன். ஊரில் உங்கள் தாய்மாமா வாய்க்கு வந்ததைப் பேசியிருக்கிறார். "அங்க வேற ஒரு குடும்பம் வச்சிருப்பான். இங்கிருந்து போனவனுங்க பாதிப் பேர் அப்படித்தான்," என்று. அப்படி நடந்த வீடுகள் நிஜமாகவே இருந்தன, அதனால் அவரைக் குறை சொல்ல முடியாது. உங்கள் அம்மா கப்பல் ஏறுமுன் எழுதிய கடைசிக் கடிதத்தில் ஒரு வரி: "கப்பலடியில் நீங்கள் நிற்காவிட்டால் நான் பிள்ளையோடு அதே கப்பலில் திரும்பிவிடுவேன்." சொன்னால் செய்கிறவள் என்று உங்களுக்கே தெரியும். அதோடு, அவளை இறக்கிக்கொள்ள அனுமதிக் காகிதம் என் பெயரில் இருந்தது. நான் அதை நேரில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்; கைக்கு வந்த நாள் முதல் மெழுகுத் துணியில் சுற்றி இடுப்பிலேயே வைத்திருந்தேன்.

கப்பல் வெள்ளிக்கிழமை வருவதாகத் தகவல். அதற்கு முந்தைய வாரக் கடைசியில் ஆயுத பூசை வந்தது. கேமரா, விளக்கு, கத்தரிக்கோல் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தோம். வண்டியை அலங்கரிப்பது என் பொறுப்பு. மனசு நிறைந்திருந்த நேரம். நாலு வருஷம் கழித்து என் குடும்பம் வருகிறது. டைனமோவைப் பற்றி அக்கா அடிக்கடி, "எல்லாம் அங்கிருந்துதான் வருது," என்பார். எல்லாம் அங்கிருந்து வருகிறதென்றால் அதற்கு வெளியே பொட்டு வைத்தால் போதுமா? யாரும் இல்லாத நேரத்தில் டைனமோவின் முனையில் இருந்த மூடியைத் திறந்தேன். உள்ளே பளபளவென்று ஒரு செப்பு வளையம். சாமி சிலை போல இருந்தது. சந்தனத்தைக் குழைத்து, வளையத்தைச் சுற்றி நிறைய வைத்தேன். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு மூடியைப் போட்டு, திருகாணியை என் பலம் முழுவதும் கொடுத்து இறுக்கினேன். திருகாணியின் தலை கொஞ்சம் தேய்ந்துபோனது. அதையும் நல்ல சகுனமாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை சிகாமட் பக்கம் ஒரு தோட்டத்துக்குக் கிளம்பினோம். வியாழன் திரும்பிவிடலாம் என்று கணக்கு. போகும்போது ஊசி ஒழுங்காக வலது, நடு என்றுதான் இருந்தது.

வியாழன் காலை, கடைசி லயத்து வீடுகளில் இருந்த ஆட்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது தோட்டத்து ஆபீஸ் எழுத்தரான கிராணி சைக்கிளில் பறந்து வந்தார். ஆபீஸ் டெலிபோனில் ராவுத்தர் கூப்பிட்டிருக்கிறார்.

"உங்க கப்பல் வந்துருச்சாம்லா! ஒரு நாள் முன்னாடியே வந்து நிக்குதாம். நாலு மணிக்குக் கப்பலடி ஆபீசை மூடிருவாங்களாம். கூட்டிப்போக ஆள் வராதவங்களைக் காவல்ல வைக்கிற தீவுக்கு அனுப்பிருவாங்களாம்."

சிங்கப்பூருக்கு நூற்றிருபது மைல். காலை ரயில் போய்விட்டது. அடுத்தது சாயங்காலம். வரிசையில் இன்னும் பதினைந்து பேர் தலை சீவிக்கொண்டு நின்றார்கள். முதலாளி கேமராவின் மேல் கறுப்புத் துணியை இழுத்து மூடினார். "படம் அடுத்த மாசம் எடுத்துக்கலாம்," என்றார். அவ்வளவுதான். அந்த மனிதருக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம்.

ஒன்பதரைக்குக் கிளம்பினோம். லாபிஸ் தாண்டும்போதே மழை. யோங் பெங் வருவதற்குச் சற்று முன்னால், வலது ஒண்ணரை, வலது ஒண்ணு என்று வந்துகொண்டிருந்த குரல் நின்றது. பிறகு, "இடது, ஒரு கோடு."

முதலாளி "ம்" சொல்லவில்லை.

"விளக்கு போட்டிருக்கீங்களா?"

"இல்ல."

"அப்ப உள்ள வர்றது நின்னுபோச்சு. பேட்டரியிலேருந்து போறது மட்டும்தான் இருக்கு. ஓரமா நிறுத்துங்க." அவரே சாவியைத் திருப்பி அணைத்தார்.

முதலாளி ஒயர்களை இழுத்துப் பார்த்தார், எல்லாம் கெட்டியாக இருந்தன. டைனமோ மூடியைத் திறக்கத் திருகாணியில் திருப்புளியை வைத்தார். வழுக்கியது. மறுபடி வைத்தார், மறுபடி வழுக்கியது. "எந்தப் பாவி இதை இப்படி முடுக்கினான்?" என்றார். நான் துணிச் சுருட்டை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அக்கா குனிந்து, சூடாக இருந்த டைனமோவைத் தொட்டார். விரலை மூக்கருகே கொண்டுபோனார். மழை, பெட்ரோல், சேறு எல்லாவற்றையும் மீறி எனக்கே லேசாகச் சந்தன வாசனை வந்தது. அவர் நிமிர்ந்து என்னை ஒரு தடவை பார்த்தார். ஒரு மைல்கல்லைப் பார்க்கிற நேரம்தான். பிறகு முதலாளியிடம் திரும்பினார்.

"விடுங்க. பட்டறை இல்லாம இது திறக்காது. போன வருஷம் குளுவாங் ஊர்கிட்ட ஒயர் அறுந்தப்ப, வெறும் பேட்டரியில அம்பது மைல் வந்தோம். அன்னைக்கு விளக்கு வேற எரிஞ்சுது."

"இன்னும் தொண்ணூறு மைல் இருக்கு புள்ள."

"இன்னைக்கு விளக்கு வேணாம். ஹாரன் வேணாம். பிரேக் பிடிச்சா பின்னால ஒரு விளக்கு எரியுதே, அந்த ஒயரைப் பிடுங்கிப் போடுங்க. இறக்கம் வந்தா நான் சாவியை அணைச்சிடுறேன், வண்டி சும்மா உருளட்டும். மேடு வந்தா போடுறேன்."

"மழையில விளக்கு இல்லாம லாரிக்காரன் எப்படிப் பார்ப்பான்?"

அக்கா என் மடியிலிருந்த சுருட்டைக் காட்டினார். "தம்பி, அந்த வெள்ளைத் துணியைச் சுத்திக்குங்க. நீங்கதான் விளக்கு. நீங்கதான் ஹாரனும்."

இப்படித்தான் பிள்ளைகளே, உங்கள் அப்பா பெட்ஷீட் போர்த்திக்கொண்டார்.

வளைவு வரும்போதெல்லாம் நான் பின் சீட்டிலிருந்து "ஹோய்! ஹோய்!" என்று கத்தினேன். ஆயர் ஹீத்தாமில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள் கண்ணாடிக் குவளையோடு எழுந்து நின்று பார்த்தார்கள். இறக்கங்களில் அக்கா, "அணைச்சேன்," என்பார். இன்ஜின் சத்தம் அடங்கி, மழைச் சத்தமும் டயர் சத்தமும் மட்டும் கேட்கும். இறக்கத்தின் அடியில், "போட்டேன்," என்பார். வண்டி புகைக்குழாய் வழியாக டமார் என்று வெடித்துவிட்டு ஓடும். வெடிக்கிற போதெல்லாம் நான் முருகா என்பேன். ஊசி மைலுக்கு மைல், "இடது, ஒண்ணு. இடது, ஒண்ணு." அவர் குரல் ஒரு தடவைகூட ஏறவோ இறங்கவோ இல்லை. அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் நான் உட்கார்ந்திருந்தேன். பலகையில் மழை பட்டுச் சாக்குப் புள்ளிகள் வழிந்தன. அவர் வழிய வழியத் திரும்ப வைத்தார்.

ஜோகூர் பாலத்தில் லாரி வரிசை. இன்ஜினை அணைத்துவிட்டு மூன்று பேரும் வண்டியைப் பாலம் நெடுகத் தள்ளினோம். என் கோலத்தைப் பார்த்த கஸ்டம்ஸ்காரர் பெட்டியைக்கூடத் திறக்கச் சொல்லவில்லை, போ போ என்று கையைக் காட்டிவிட்டார்.

புக்கிட் தீமா ரோட்டில் இன்ஜின் இருமத் தொடங்கியது. "இடது அரை," என்றார் அக்கா. கொஞ்ச தூரம் கழித்து, "கால்." தஞ்சோங் பாகாரில் கிடங்குகளின் கூரை தெரிந்த இடத்தில் வண்டி ஒரு பெருமூச்சோடு நின்றது. அக்கா ஊசியைப் பார்த்தார். "நடு," என்றார். வரவும் இல்லை, செலவும் இல்லை. "ஓடுங்க தம்பி!"

ஓடினேன். கடிகாரத்தில் நாலுக்கு இன்னும் பத்து நிமிஷம். கப்பலடி ஆபீஸ் கூடத்தில் அநேகமாக எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். உங்கள் அம்மா தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். பெரியவள் என்னைப் பார்த்ததும் வீல் என்று அலறினாள். அவள் தன் அப்பனை முதன்முதலில் பார்த்த கோலம் அப்படி.

அதிகாரி காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, உங்கள் அம்மாவிடம் தமிழ் பேசுகிற குமாஸ்தா மூலம் கேட்டார். "உன் புருஷன் இவர்தானா?"

உங்கள் அம்மா எழுந்து என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள்.

"எங்கேருந்து வர்றீங்க?"

"சிகாமட்ல இருந்து."

"உங்க வேலை இந்த ஊர்லன்னுதானே எழுதினீங்க? அங்க யாரு இருக்கா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னால் வளையல் சத்தம். சேலை நனைந்து, மூச்சு வாங்க, சேறும் சாக்குப்பொடியுமாக அக்கா ஓடிவந்து என் பக்கத்தில் நின்றார். உங்கள் அம்மாவின் முகத்தில் இருந்த கொஞ்ச நஞ்ச வெளிச்சமும் போயிற்று. அவள் பெரியவளை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். "இவங்க யாரு?" என்று கேட்ட குரலில் திரும்பிப் போகிற கப்பல் எனக்குத் தெரிந்தது.

அக்கா ஒரு பார்வையில் எல்லாவற்றையும் புரிந்துகொண்டார். அவர் பதறவில்லை, கெஞ்சவில்லை. மைல்கல் சொல்கிற அதே குரலில் சொன்னார்.

"நான் படக்கடைக்காரர் சம்சாரம். அதோ கேமராவைத் தூக்கிக்கிட்டு ஓடி வர்றாரே, அவர்தான் என் வீட்டுக்காரர். இந்தத் தம்பி எங்க கடையில மூணு வருஷமா இருக்கு. படுக்கை கடையிலதான். சாப்பாடு எங்க வீட்ல. மாசம் ரெண்டு கடுதாசி போடும், ரெண்டும் உங்களுக்குத்தான், உங்க பேரை வாய்விட்டுச் சொல்லி மேல எழுதி ஒட்டுறதைப் பார்த்திருக்கேன். உங்க கடுதாசி வரலைன்னா சாப்பிடாது. வேற வீடு கிடையாது. இருந்தா நான் சொல்லிடுவேன்."

"சொல்லிடுவாங்க," என்றார் மூச்சிரைத்தபடி வந்து சேர்ந்த முதலாளி. என் சார்பாக அவர் பேசிய ஒரே வார்த்தை அதுதான்.

உங்கள் அம்மா அக்காவையே பார்த்தாள். "கெட்ட பழக்கம் ஒண்ணும் இல்லையா?" என்றாள்.

"ஒண்ணு இருக்கு," என்றார் அக்கா. என்னைப் பார்க்காமலே. "பொய் சொல்லாது. ஆனா சொல்ல வேண்டியதைச் சொல்லாம முழுங்கிக்கிட்டு நிக்கும். அதை மட்டும் பார்த்துக்குங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். உங்கள் அம்மா முதல் தடவையாகச் சிரித்தாள். "அது எனக்கு முன்னாடியே தெரியும்," என்றாள். பிறகு குமாஸ்தாவிடம் திரும்பி, "இவர்தான்," என்றாள்.

மிச்சமிருந்த ஒரு பிலிமில் முதலாளி எடுத்த படம்தான் கூடத்தில் தொங்குகிறது. அக்காவையும் நிற்கச் சொன்னோம். "பிள்ளை அழுவுது பாருங்க, சீக்கிரம் எடுங்க," என்று விலகினார். முழங்கை மட்டும் தப்பவில்லை.

மறுநாள் வண்டியை லவண்டர் ஸ்திரீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனோம். சீனர் ஒரு மணி நேரம் போராடித் திருகாணியை அறுத்து மூடியைத் திறந்தார். உள்ளேயிருந்து மஞ்சள் பொடி கொட்டியது. காய்ந்து உதிர்ந்த சந்தனம், செப்பு வளையத்தில் உரச வேண்டிய கரித்துண்டை அதன் கூட்டுக்குள்ளேயே இறுக்கி வைத்திருந்தது. சீனர் புரியாமல் விரலில் தொட்டு முகர்ந்தார். முதலாளி எட்டிப் பார்த்து, "என்ன அது?" என்று அக்காவிடம் கேட்டார். அவர் எப்போதும் அக்காவிடம்தான் கேட்பார்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணில் பட்டதைச் சொல்லாமல் விடத் தெரியாதவர் அவர். மாப்பிள்ளையின் மீசையை விடவில்லை, கோயில் மணியை விடவில்லை.

அக்கா அந்தப் பொடியை உள்ளங்கையில் வழித்தெடுத்து, சேலைத் தலைப்பில் துடைத்தார்.

"தூசி," என்றார்.

முதலாளி, "ம்," என்றார்.

நான் அறிந்தவரையில் அக்கா பார்த்ததைச் சொல்லாமல் விட்டது அந்த ஒரு தடவைதான். நானும் அதன் பிறகு அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வருஷம் ஆயுத பூசையன்று சந்தனக் கிண்ணத்தை என் கையில் கொடுத்தார். எல்லோரும் கேட்கும்படியாக, எந்த வித்தியாசமும் இல்லாத குரலில் சொன்னார்.

"தம்பி, பொட்டு மட்கார்டுல மட்டும்."

அக்கா இப்போது இல்லை. முழுங்கியதையெல்லாம் எழுதிவிட்டேன். உங்கள் அம்மாவுக்கு டைனமோ விஷயம் இன்றுவரை தெரியாது. நீங்களே வாசித்துக் காட்டுங்கள். நான் வீட்டில் இருக்கும்போதே வாசியுங்கள், வெளியே போய்விட மாட்டேன்.